டைட்டா போட்டா நல்லா பிடிக்கும்னு நெனச்சேன்

செங்கோட்டைல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், வர்ற வண்டில பாதி கேஎல் நம்பர்தான், புனலூர் கொல்லத்துல இருந்து ஆரியங்காவு வழியா ஏறி எறங்கி வருவாங்க. 1956 நவம்பர் வரைக்கும் எங்க ஊரே மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சிலதான இருந்துச்சு, அதனால பாஷை பிரச்சனையெல்லாம் பெருசா கெடையாது.

ரெண்டு வருஷம் முன்னாடி புனலூர்க்காரர் ஒருத்தர் நாலு வீல் ட்ரைவ் ஜப்பான் கார் ஒன்னு கொண்டு வந்தாரு. பின்னாடி டிஃபரென்ஷியல்ல, அதாவது வளைவுல ரெண்டு வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர் செட்ல, பிளேட் டைப் எல்எஸ்டி. லிமிடெட் ஸ்லிப்னு அர்த்தம், ஒரு வீல் மட்டும் வழுக்கி சுத்தாம பிளேட்டுங்க உரசி இழுத்துப் பிடிக்கும். அந்த பிளேட்டெல்லாம் தேஞ்சு போய் கெடந்துச்சு. "ஆசானே, நல்ல கிரிப் வேணும், உள் வீல் சும்மா சுத்துது"ன்னாரு. நானும் பெரிய ஆளு மாதிரி, சேட்டா விடுங்க, டைட் பண்ணிட்டா எங்கயும் வழுக்காதுன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தைதான் தப்பு.

சாதா டிஃபரென்ஷியல் ரெண்டு வீலுக்கும் ஒரே டார்க்தான், அதாவது ஒரே திருப்பு விசைதான் குடுக்கும். வளைவுல உள் வீல் மேல வெயிட் கொறையும், அது 100 நியூட்டன் மீட்டர் தாங்கறப்பவே வழுக்குதுன்னா வெளி வீலுக்கும் 100 தான், அதுல எவ்ளோ பிடி மிச்சம் இருந்தாலும் வேஸ்ட்டு. டார்சன் மாதிரி கியர் டைப் எல்எஸ்டில பயாஸ், அதாவது பிடி இருக்கற வீலுக்கு எத்தன மடங்கு டார்க் போகலாம்ங்கற கணக்கு, 3க்கு 1னு வச்சுக்கோங்க, வெளி வீலுக்கு 300 வரைக்கும் போகும், ஆனா உள் வீல் அந்தரத்துல தூக்கிருச்சுன்னா 3 பெருக்கல் 0, அம்புட்டுதான். பிளேட் டைப்ல ஸ்பிரிங் எப்பவும் கொஞ்சம் அழுத்திட்டே இருக்கும், ப்ரீலோடுன்னு சொல்லுவோம், அதனால அங்கயும் வேலை செய்யும். நான் அந்த ப்ரீலோடத்தான் ஏத்துனேன், ஷிம்னு மெல்லிசு தகடு ரெண்டு கூடப் போட்டு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு தூக்கி, நியூட்ரல்ல வச்சு, ஹப்ல டார்க் ரென்ச் மாட்டி திருப்பிப் பாத்தா அசையவே மாட்டேங்குது, எங்க பய "அண்ணே வெல்டு வச்ச மாதிரி இருக்கே"ன்னான், எனக்கோ பெருமை.

ஷெட்ட விட்டு வெளிய எடுக்கறப்பவே ஸ்டியரிங் ஃபுல்லா ஒடிச்சா பின்னாடி கடகடன்னு சத்தம். சாதா 90 ஆயில ஊத்திருந்தான் பய, இந்த பிளேட்டுக்கெல்லாம் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த ஆயில்தான் ஊத்தணும், இல்லன்னா பிளேட்டு பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு குலுக்கும். ஆயில மாத்துனேன், சத்தம் போச்சு, ஆஹா முடிஞ்சுதுன்னு ட்ரையலுக்கு புளியரை எஸ் வளைவுக்கு ஏத்துனேன். ஆடி மாசம், சாரல் வேற.

வளைவுக்குள்ள நுழையறப்ப ஆக்சிலரேட்டர விட்டேன், ஸ்டியரிங் திருப்புறேன், மூக்கு நேரா லாரிய பாத்து போகுது. பின் வீல் ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தணும்னு அடம்பிடிச்சா வண்டிய நேராத்தான தள்ளும்! எப்படியோ திரும்புச்சு, வெளிய வர்றப்ப கொஞ்சம் மிதிச்சேன், சர்ருன்னு வாலு வெளிய போச்சு. பக்கத்துல சேட்டன், மூச்சே விடல. நாலு வீல் ட்ரைவ்ங்கறதால முன் வீல் இழுத்து நேராக்கிருச்சு, பின் வீல் ட்ரைவ் மட்டும்னா நான் இத எழுதிட்டு இருக்க மாட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, அப்பதான் உறைச்சுது. உள் வீல் சும்மா சுத்தறது பவர் வேஸ்ட்டுதான், ஆனா அது சுத்தறப்ப வெளி வீல் பக்கவாட்டுல பிடிச்சு வண்டியத் தாங்கிட்டு இருக்குல்ல. டைட்டா கட்டிப்போட்டா ஈரத்துல ரெண்டும் சேர்ந்து வழுக்கும், அப்புறம் வாலத் தாங்க யாரு இருக்கா? எல்எஸ்டி பிடிய எங்க இருந்தும் கொண்டு வராது, இருக்கற பிடிய யாருக்குக் குடுக்கணும்னு மட்டும் பாக்கும். எப்பவும் நாலு வீலும் இழுக்கற இந்த மாதிரி வண்டில முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு மூணு டிஃபரென்ஷியல், ஒன்னத் தொட்டா மத்த ரெண்டோட வேலையும் மாறுது. 1980ல வந்த ஆடி (Audi) கம்பெனி குவாட்ரோ கார்ல நடுவையும் பின்னாடியையும் டிரைவரே கையால லாக் பண்ணணும், சுபாரு எஸ்டிஐல நடு டிஃபரென்ஷியல எவ்ளோ இறுக்கணும்னு திருக ஒரு சின்ன வீல் குடுத்திருப்பான், ரோடுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கன்னு அர்த்தம். நான் காஞ்ச ரோடு, ரேஸ் டிராக்க மனசுல வச்சுக்கிட்டு புளியரை சாரலுக்கு செட் பண்ணிருக்கேன்.

மறுநாள் மறுபடி எறக்கி ரெண்டு ஷிம்மையும் எடுத்தேன், லேபர் வாங்கல, ஆயிலுக்கு மட்டும் காசு. அதே வளைவுல இப்ப மிதிச்சா உள் வீல் லேசா ஒரு கீச்சு விடுது, அப்புறம் பிடிச்சுக்குது. சேட்டன் திரும்பிப் பாத்து "ஆசானே, இன்னும் சுத்துதே"ன்னாரு.

சுத்தட்டும் சேட்டான்னேன்.