கேலன்ட் வி.ஆர்-4உம் அதன் பங்காளியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையின் முன்னால் கடந்த மாதம் இரண்டு பழைய வண்டிகள் அருகருகே நின்றன. ஒன்று என்னுடைய மிட்சுபிஷி கேலன்ட் வி.ஆர்-4; மற்றது நண்பரின் சுபாரு லெகசி ஆர்.எஸ். இரண்டுமே நான்கு சக்கரங்களுக்கும் திறனை அனுப்புபவை என்றாலும், விவரம் அறியாதவர்களுக்குத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டு வாசலில் நிற்கும் குடும்ப வண்டிகளாகத்தான் தெரியும்.

கேலன்டின் 1,997 சிசி 4ஜி63 டர்போ இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்களும் வார்ப்பிரும்புப் பிளாக்கில் வரிசையாக நிற்கின்றன. லெகசியின் 1,994 சிசி இஜே20 இயந்திரத்தில் அவை இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருப்பதால், எடை தாழ்ந்து அமர்ந்து, வளைவில் வண்டி சாய்வது குறைகிறது. செம்பனைக்கு நடுவே செம்மண் சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில், திரும்பும் சுகத்தில் லெகசியே மேல் என்பதைச் சற்று வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் கேலன்டின் பின்சக்கரங்களும் முன்சக்கரங்களின் திசையிலேயே சிறிது திரும்பும் என்றாலும், அதன் பயனை நெடுஞ்சாலையில்தான் உணர்ந்திருக்கிறேன்.

ஆசிய பசிபிக் ரேலி கார்ப் பந்தயப் பட்டத்தை 1991, 1992ஆம் ஆண்டுகளில் ராஸ் டங்கர்டன் கேலன்டில் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அது சுபாரு ஓட்டிய போசம் போர்னிடம் போயிற்று. ஃபோர்டு சியரா கோஸ்வர்த்தையும் இந்த இரண்டோடு ஒப்பிடுபவர்கள் உண்டு. ஆனால் 204 குதிரைத்திறனைப் பின்சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்பிய அதன் 1988ஆம் ஆண்டு சலூன் கார் எங்கள் ஊர் மழைச்சேற்றுக்கு ஆகாது.

ஆயினும் நான் கேலன்டை விடாததற்குக் காரணம் மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோன். அதன் பெர்டானா 2.0 காரில் டர்போ இல்லாத 4ஜி63 இருந்ததால், எங்கள் போமனுக்கு (பட்டறை மெக்கானிக்குக்கு) அந்த இயந்திரம் கைப்பழக்கம். டர்போவையும், பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் வெளியில்தான் தேட வேண்டும் என்பது வேறு கதை. அன்று அவர் கழற்றிய சிறு பெல்ட்டை என் உள்ளங்கையில் வைத்து மடக்கிக் காட்டியபோது, பல்லுக்குப் பல் வெடிப்பு தெரிந்தது. அதிர்வைத் தணிக்கும் தண்டைச் சுழற்றும் அந்தப் பெல்ட் அறுந்து, வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டில் சிக்கினால், வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பெல்ட் மாற்றும் தவணை தாண்டி ஓட்டியது என் குற்றமே.

என் வேலை மதியத்திற்குள் முடிந்தது. லெகசியிலோ ஸ்பார்க் பிளக்குகள் பக்கச் சட்டத்தை ஒட்டிப் படுத்திருப்பதால், மாலைத் தேநீர் வந்தபோது நான்கில் மூன்றுதான் கழன்றிருந்தன.