இளைஞர் குழுவின் பணப்பெட்டி என் கைக்கு வந்தபோது

தன்னார்வலர்களே நடத்தும் எங்கள் இளைஞர் குழுவின் பொருளாளர் பொறுப்பை ஏற்ற நாளில் என்னிடம் வந்து சேர்ந்தவை, பாதி எழுதப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பை நிறைய ரசீதுகளும், எவ்வளவு என்று எங்கும் குறிக்கப்படாத கொஞ்சம் ரொக்கமும்தான். எனக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர் நாணயமானவர். அதில் எங்களில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆனால் கணக்கு முழுவதும் அவருடைய நினைவில்தான் இருந்தது. எது சந்தா, எது முகாமுக்கான முன்பணம், எது அவர் தம் கைப்பணத்தைப் போட்டுப் பின்னர் திரும்ப எடுத்துக்கொண்டது என்று கேட்டால் அவர் உடனே சொல்லிவிடுவார். புத்தகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவர் குழுவைவிட்டு விலகிய பின், அந்த ஓராண்டுக் கணக்கைத் தணிக்கையாளர் முன் வைக்கும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு 4 மாதங்கள் பிடித்தன.

முதல் சில வாரங்களை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குவதிலேயே செலவிட்டேன். அது வீண் உழைப்பு. வங்கி அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் உரிய ரசீதைத் தேடத் தொடங்கிய பிறகே வேலை நகர்ந்தது. ஆண்டுத் தொடக்க இருப்புடன் வரவுகளைக் கூட்டி, செலவுகளைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தும் இன்னும் வங்கிக்குச் செல்லாத காசோலை ஒன்றும், வங்கி தானாகவே பிடித்துக்கொண்ட கட்டணங்களும் கிடைத்தன. அவற்றையெல்லாம் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில், அதாவது நம் புத்தகத்தின் இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கும் பட்டியலில், சேர்த்த பின்னும் 540 உதைத்தது. வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கலாம் என்று கணக்குப் பணியில் இருந்த நண்பர் ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்தேன்: 5,820 என்று எழுத வேண்டிய இடத்தில் 5,280 என்று இருந்தது. அன்றிலிருந்து ஆண்டு முடியும்வரை காத்திராமல், மாதந்தோறும் இப்பட்டியலைத் தயாரிக்கிறேன். ஒரு மாதத்துக்குள் நடந்த பிழையைக் கண்டுபிடிப்பதும், ஓராண்டுக்குள் புதைந்துபோன பிழையைத் தோண்டியெடுப்பதும் ஒரே வேலையல்ல.

என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று. சந்தாப் பட்டியலில் ஒரு பையனின் பெயருக்கு எதிரே மூன்று மாத நிலுவை இருந்தது. அவன் தாயாரிடம் இருமுறை நினைவூட்டினேன். இரண்டாம் முறை அவர், "மகனிடம் கொடுத்தனுப்பினேனே" என்றார். அவனோ வாய் திறக்காமல் நின்றான். ஒரு வாரம் கழித்து, மைதானத்தில் அவனிடமிருந்து பணத்தை வாங்கிய தன்னார்வலர் ஒருவர் அது தம் பையிலேயே உறையோடு இருந்ததைக் கண்டு கொண்டுவந்து கொடுத்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் தன் வீட்டாரின் கண்ணில் அந்தப் பையன் பணத்தைச் செலவழித்தவனாக இருந்தான். தாய், மகன் இருவரிடமும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். வாங்குகிற கையே அப்போதே எண் இட்ட ரசீதைக் கொடுக்க வேண்டும், அடிக்கட்டை நம்மிடம் இருக்க வேண்டும், கூட்டம் முடிந்ததும் இருவர் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிட வேண்டும், அதற்கு மேல் எவர் வீட்டிலும் பணம் தங்கக்கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்தோம். சிலருக்கு இது தம்மை நம்பாததுபோலப் பட்டது. ரசீது கேட்பது ஐயத்தால் அல்ல, நாளை யாரேனும் கேட்டால் நாம் நினைவைத் துழாவ வேண்டியிராதபடி நமக்கு நாமே தேடிக்கொள்ளும் காப்பு என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விளக்கினேன்.

சில்லறைச் செலவுகளுக்கு முன்பண மீட்பு முறையைப் பின்பற்றினோம். ஒரு நிலையான தொகை பெட்டியில் இருக்கும். செலவுச் சீட்டுகளின் கூட்டலும் மீதி ரொக்கமும் சேர்ந்தால் எப்போது எண்ணினாலும் அதே தொகை வர வேண்டும். செலவான அளவு மட்டுமே மீண்டும் நிரப்பப்படும். இது எளிதாகவே பழகிவிட்டது.

முகாம் கணக்கில்தான் மீண்டும் இடறினேன். 40 பேர் வருவார்கள் என்று எண்ணிப் பேருந்து வாடகையையும் இட வாடகையையும் 40 ஆல் வகுத்துக் கட்டணம் வைத்தேன். வந்தவர்கள் 31 பேர். உணவுச் செலவு ஆள் குறையக் குறைந்தது, வாடகைகள் குறையவில்லை. அவற்றில் 9 பேரின் பங்கு, அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை, பொது நிதியின் தலையில் விழுந்தது. இப்போது உறுதியாக வருவோரின் எண்ணிக்கையைக் கொண்டே நிலையான செலவைப் பங்கிடுகிறோம். கட்ட இயலாத பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. அதைப் பதிவேட்டில் எண்ணால் மட்டுமே குறிக்கிறேன், பெயர் என்னையும் குழுத் தலைவரையும் தாண்டுவதில்லை. எந்தப் பிள்ளையும் பணத்தின் காரணமாகத் தலைகுனியும் நிலை எங்கள் குழுவில் வரக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தணிக்கை செய்தவர் குழுவுக்கு வெளியே உள்ளவர். அவர் கேட்டவற்றுள் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஒருவர் கொடுத்த நன்கொடை பயணச் செலவில் கலந்திருந்தது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தரப்பட்ட பணத்தைக் கொடுத்தவரின் இசைவின்றி வேறெதற்கும் செலவிடக்கூடாது என்பதால், பொது நிதியிலிருந்து அத்தொகையை ஈடுசெய்து, நன்கொடையாளருக்கும் நடந்ததை எழுதித் தெரிவித்தோம். ரொக்க ஏட்டில் அத்தகைய பணத்துக்குத் தனிப் பத்தி அன்றுதான் வந்தது.

இரண்டாண்டுகள் முடிந்து பொறுப்பை ஒப்படைத்தபோது, புதிய பொருளாளரும் நானும் பெட்டியைத் திறந்து ஒன்றாக எண்ணினோம்; தொகையையும் தேதியையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். காசோலைகளில் ஒப்பமிடும் இருவருள் என் பெயர் நீக்கப்பட்டு அவர் பெயர் சேர்க்கப்பட்டதை வங்கி எழுத்தில் உறுதிசெய்ய மேலும் சில நாள்கள் ஆயின. அந்தக் கடிதத்தையும் அதே கோப்பில் சேர்த்துவிட்டுப் பெட்டியின் சாவியை அவரிடம் கொடுத்தேன்.