பதில் வராத நாட்களும் சௌ ஷுவானும்

மார்ச் 3
என் பிறப்பைப் பற்றிக் கேட்டு அனுப்பிய மனுவுக்குக் குழந்தைகள் இல்லத்திலிருந்து இன்றும் பதில் வரவில்லை.

மார்ச் 4
உறக்கம் பிடிக்காமல் சீனப் பாடகி சௌ ஷுவானின் பாடல்களையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஷாங்காய் நகரம் ‘தங்கக் குரல்’ என்று கொண்டாடிய அவர், நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடியவர். மெல்லிய குரல், உரத்து ஒலிக்க முயலாமல், ஒலிவாங்கியை நம்பி அடக்கமாகப் பாடுகிறது.

மார்ச் 7
அவர் பிறந்த ஆண்டைக்கூடச் சிலர் 1918 என்றும் சிலர் 1920 என்றும் எழுதுகிறார்கள். சௌ என்பது வளர்த்தவர்களின் குடும்பப் பெயர். ஷுவான் என்பது இசையமைப்பாளர் லி ஜின்ஹுயின் ஆடல்பாடல் குழுவில் சேர்ந்தபின் கிடைத்த பெயர். அதற்கு முன் அவர் சியாவ்ஹுங். 1937-இல் யுவான் முஜி இயக்கிய ‘மாலு தியான்ஷி’ (தெருவின் தேவதை) படத்தில், வடகிழக்கிலிருந்து அகதியாக வந்து, தன்னை விற்கத் துணிந்தவர்களின் பிடியில் தேநீர் விடுதியில் பாடும் பெண்ணாக நடித்தார். அந்தப் பெண்ணின் பெயரும் சியாவ்ஹுங்தான். சடை நுனியைத் திருகியபடி அவர் பாடும் காட்சியில் அழுகை சிறிதும் இல்லை. அதை எத்தனை முறை பார்த்தாலும் என்னால் நிறுத்த முடியவில்லை.

மார்ச் 8
தபால்காரர் எங்கள் வாசலில் நிற்கவில்லை.

மார்ச் 11
துயரம்தான் அவரைப் பாட வைத்தது என்று எழுதுபவர்கள்மீது எனக்குக் கடுங்கோபம் வருகிறது. சிறுமியாகக் குழுவில் சேர்ந்து பயின்று பெற்ற தேர்ச்சியை யாரும் ஏன் பேசுவதில்லை? கணவர் யான் ஹுவாவுடனான மணவாழ்வு 1941-இல் முறிந்தது, 1951-இல் மனநலம் குலைந்தது, 1957 செப்டம்பர் 22 அன்று மூளை அழற்சியால் இறந்தார் என்பவை உண்மைதான்; ஆனால் அந்தக் குரல் அவருடைய உழைப்பு.

மார்ச் 14
பெற்றோர் யாரென்று அறியாமலே அவர் இறந்துபோனார். சூ பு என்ற பிறப்புப் பெயரும் சாங்சௌ என்ற ஊரும் அவருடைய மறைவுக்குப் பிறகே தெரியவந்தன. சாங்சௌ, ஷாங்காயிலிருந்து நான்ஜிங் செல்லும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. அவர் தேடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் விடை அத்தனை அருகில் இருந்திருக்கிறது. கேட்க வேண்டியவர்களிடம் அவர் சார்பில் யாராவது கேட்டிருந்தால் போதுமே என்று நினைக்க நினைக்க நெஞ்சு பதறுகிறது, ஏனெனில் என் விஷயத்திலும் யாரோ ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

மார்ச் 16
பிறந்த ஊர் என்ற கட்டத்தை நிரப்பாமலே மறுபடியும் மனு அனுப்பினேன். 1948-இல் ஹாங்காங்கில் ஜூ ஷிலின் இயக்கிய அரண்மனைப் படத்தில் சௌ ஷுவான் அரசரின் துணைவியாக நடித்திருக்கிறார். நாளை அதைப் பார்க்க வேண்டும்.