பழைய மரவண்டியைச் சீரமைக்க: முதலில் சக்கரம், கடைசியில் பெயின்ட்

பழைய மரவண்டி கைக்கு வந்ததும் பலரும் முதலில் எடுப்பது உப்புத்தாளைத்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு, அச்சுக்கடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்குங்கள். மேல்பலகையும் அடிச்சட்டமும் சாதாரணத் தச்சு வேலை. வண்டி ஓடுமா, வெறும் காட்சிப்பொருளாக நிற்குமா என்பது சக்கரத்தில் இருக்கிறது.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு வட்டைக்கும் (சக்கரத்தின் வெளிவட்டமாகச் சேரும் வளைந்த மரத்துண்டு) ஆரக்காலுக்கும் (வட்டையை நடுக்கட்டையோடு இணைக்கும் குச்சி) எண் போடுங்கள். கையால் செய்த சக்கரத்தில் ஒரு ஆரக்கால் இன்னொன்றின் துளையில் சரியாக உட்காராது. குடத்தில், அதாவது நடுக்கட்டையில், துளைகளின் ஓரத்தையும் வட்டையின் இணைப்புகளையும் குத்தூசியால் குத்திப் பார்த்தால் உளுத்த இடம் தெரிந்துவிடும். பலகையில் சிறிய உளுப்பு என்றால் எபாக்சி பசை போதும். குடத்திலும் ஆரக்காலிலும் அந்த ஒப்பேற்றல் வேண்டாம். சுழலச் சுழல எடை மாறி மாறி விழும் இடம், ஒட்டு விட்டுவிடும். புது ஆரக்காலுக்கு நீளவாக்கில் நேராக ஓடும் நாருள்ள, நன்றாகக் காய்ந்த மரம்தான் வேண்டும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பிறகு சுருங்கி ஆடத் தொடங்கும்.

ஆடும் சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. மரம் ஊதி இறுகும், உண்மைதான். ஆனால் பட்டாவும் (சக்கரத்தைச் சுற்றி இறுக்கும் இரும்பு வளையம்) துளையும் விரிய விடாததால் உள்ளேயே நார்கள் நசுங்குகின்றன. காய்ந்ததும் முன்பைவிடத் தளர்வாகத்தான் இருக்கும். ஒருநாள் ஊர்வலத்துக்குப் பயன்படும் வித்தை, சீரமைப்பு அல்ல.

ஆரக்கால்கள் தளர்ந்திருக்க, வட்டைத் துண்டுகள் மட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி பார்க்கும் கோளாறு. அப்படியே பட்டாவை இறுக்கினால் அழுத்தம் ஆரக்காலுக்குப் போகவே போகாது. ஒரு இணைப்பில் மெல்லிய ரம்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து இடைவெளி கொடுக்க வேண்டும். அதிகமாக வெட்டினாலோ ஆரக்கால்கள் நெரிந்து சக்கரம் தட்டுப்போல் குழியும். ஆரக்காலின் கழுந்து (வட்டையின் துளைக்குள் நுழையும் முனை) வட்டையின் வெளிமுகத்துக்குச் சற்று உள்ளேயே நிற்கட்டும். துருத்திக்கொண்டிருந்தால் பட்டா வட்டையில் படியாது.

அடுத்தது பட்டா. 4 அடி விட்டச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 150 அங்குலம். இரும்பை 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அந்த நீளத்தில் 1 அங்குலம்போல விரியும். பட்டாவின் உள்சுற்றளவைச் சக்கரத்தைவிட அரை முதல் முக்கால் அங்குலம் குறைத்து வெட்டிப் பற்றவைப்பது இந்தக் கணக்கில்தான். அதற்கும் மேல் குறைத்தால் சூட்டிலேயே ஏறாது. ஏறினாலும் சக்கரத்தை முறித்துவிடும். நூல் வைத்து அளக்காதீர்கள், இழுபடும். ஒரு சிறு உருளையைச் சக்கரத்தின் வெளிமுகத்திலும் பட்டாவின் உள்முகத்திலும் உருட்டி, சுற்றுகளை ஒப்பிடுங்கள்.

பட்டாவைச் சுற்றிலும் ஒரே சீராக நெருப்பு மூட்ட வேண்டும். காய்ந்த குச்சியைத் தேய்த்தால் உடனே கருகிப் புகைய வேண்டும். நன்றாகச் சிவக்கும்வரை விட்டால் வட்டையும் சேர்ந்து கருகும். மூன்று பேர் இடுக்கியால் தூக்கி வைத்து, சுத்தியலால் தட்டி மட்டம் பார்த்த பிறகே தண்ணீர். சுற்றி வந்து சீராக ஊற்றுங்கள். இணைப்புகள் மூடும்போது படபடவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல், நனைத்து, ஈயத் தூசியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி போட்டுத் தேயுங்கள். பழைய எழுத்தோ கோலமோ தெளிவாக இருந்தால் தொடாமல் விடுவதே எங்கள் கட்சி. வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து முதல் பூச்சு. பலகையின் வெட்டுமுனைகள் நிறைய குடிக்கும், அங்கே இரண்டு முறை. எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே விரித்துக் காயவிட்டோதான் குப்பையில் போட வேண்டும்.