ஜெஸ்ட், நேர்காணல்: ஒரே ஒரு நட்சத்திரத்தை முழுசாகப் பிடியுங்கள்

போன வாரம் முடிவு வந்தது. வானியலில் பி.எச்.டி.க்கு இடம் கிடைத்துவிட்டது. போன வருடம் இதே நேர்காணலில் இருபது நிமிடத்தில் வெளியே வந்தவள் நான். அந்த இருபது நிமிடம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் சூட்டோடு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்குப் பக்கம். அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடியிலிருந்தே புகை தெரியும். 2015 செப்டம்பர் 28 காலை பத்து மணிக்கு ஆஸ்ட்ரோசாட் விண்தொலைநோக்கி போனதை பள்ளி மைதானத்தில் நின்று பார்த்தேன். வெளிச்சம் தெரிந்ததும் எண்ண ஆரம்பிப்போம், கிட்டத்தட்ட எண்பது எண்ணும்போது சத்தம் வரும். ஒலி விநாடிக்கு 340 மீட்டர், அப்படியென்றால் ஏவுதளம் சுமார் 27 கிலோமீட்டர். பல வருடம் கழித்து நேர்காணலுக்குப் படிக்கும்போதுதான் இதுவும் ஒரு கணக்கு என்று உறைத்தது.

ஜெஸ்ட் என்பது இயற்பியல், வானியல் பி.எச்.டி. இடங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. அந்த எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பழைய வினாத்தாள்களைப் போடுங்கள். எண்ணை விடையாகத் தரும் பகுதியில் நெகட்டிவ் கிடையாது, அதை முதலில் முடியுங்கள். குவாண்டமும் புள்ளியியல் இயற்பியலும் கையில் இருந்தால் கட் ஆஃப் தாண்டலாம். டெஸ்ட் சீரிஸ் எனக்கு ஒத்துவரவில்லை. நான் மெதுவாக யோசிக்கிறவள், அடுத்தவர் மதிப்பெண்ணைப் பார்த்தால் கை நடுங்கும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லையென்றால் எழுதுங்கள்.

இனி நேர்காணல்.

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு டெஸ் விண்தொலைநோக்கியின் தரவில் வாஸ்ப்-18 என்ற நட்சத்திரத்தை எடுத்திருந்தேன். அதன் கோள் 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலில் ஒரு சுற்று முடித்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது ஒளி சுமார் ஒரு சதவீதம் குறையும். பைதானில் லைட்கர்வ் தொகுப்பைப் போட்டேன், பத்து வரியில் நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் அழகான படம் (லைட் கர்வ்) வந்தது, ஒளி குறையும் இடத்தில் ஒரு பள்ளத்தோடு. அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனேன்.

குழுவில் ஒருவர் ஒரு புள்ளியின் மேல் பேனாவை வைத்து, "இதில் எத்தனை ஃபோட்டான் இருக்கிறது?" என்று கேட்டார். நான் "ஒன்று" என்றேன். நார்மலைஸ் செய்த (வழக்கமான ஒளியை 1 என்று வைத்து வகுத்த) படத்தில் மட்டம் 1.0 என்றுதானே இருக்கும்! அவர் கோபப்படவில்லை. "சரி, இந்தப் புள்ளியில் பிழை எவ்வளவு?" என்றார். வாயைத் திறக்க முடியவில்லை. பிழை தெரியாமல் இந்தப் பள்ளம் உண்மை என்று எப்படிச் சொல்கிறாய் என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நைனாவுக்கு (அப்பாவுக்கு) இறால் பண்ணையில் வேலை. ஒரு நாள் காலை அவரோடு குட்டைக்குப் போனேன். ஏஜென்ட் விலை பேச வருவதற்கு முன்னால் கவுண்ட் பார்க்க வேண்டும். கிலோவுக்கு எத்தனை இறால் என்பதுதான் கவுண்ட், அதை வைத்துத்தான் விலை. வீச்சு வலையை ஒரு மூலையில் வீசி, விழுந்ததை எடை போட்டு எண்ணினார். கிலோவுக்கு 58. நல்ல கவுண்ட்தானே, போன் பண்ணிவிடலாமே என்றேன்.

"ஒரு வீச்சை நம்பியா பாப்பா? இந்த மூலையில ஏரேட்டர் ஓடுது, பெருசெல்லாம் இங்க வந்து நிக்கும்" என்றார். (ஏரேட்டர் என்பது தண்ணீரில் காற்றைக் கலக்கும் எந்திரம்.)

மற்ற மூன்று மூலையிலும் வீசினார். 66, 61, 71. சிகரெட் அட்டையின் பின்னால் எழுதி, "அறுபது அறுபத்தேழுக்குள்ள சொல்லலாம்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். சராசரி 64. நான்கு எண்ணும் சிதறியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்தச் சராசரியின் பிழை 3. நைனா சொன்னது கிட்டத்தட்ட அதேதான். ஒரு சூத்திரமும் தெரியாத மனுஷன் பிழையோடு சேர்த்து விடை சொல்கிறார், நான் முதுகலை முடித்துவிட்டு "ஒன்று" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

அன்றிரவே அதே வாஸ்ப்-18ஐத் திரும்ப எடுத்தேன். வேறு நட்சத்திரம் வேண்டாம், இதையே ஒரு நோட்டில் கையால் முடிக்க வேண்டும் என்று ஆறு வாரம் உட்கார்ந்தேன். அதில் கற்றவை:

– டெஸ் கோப்பில் இருப்பது பிரகாசம் இல்லை, விநாடிக்கு இத்தனை எலக்ட்ரான் என்ற எண்ணிக்கை (பிடிபட்ட ஒரு ஃபோட்டானுக்கு ஒரு எலக்ட்ரான்). நார்மலைஸ் செய்வதற்கு முன்னால் அந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

– N ஃபோட்டான் எண்ணினால் பிழை √N. பத்தாயிரம் எண்ணினால் பிழை 100, அதாவது ஒரு சதவீதம். ஒரு சதவீதப் பள்ளத்தை அதை வைத்து நம்ப முடியாது. பிழையை 0.1 சதவீதத்துக்குக் கொண்டுவர பத்து லட்சம் ஃபோட்டான் வேண்டும். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுங்கள்.

– பள்ளம் இல்லாத இடத்தில் புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்று தனியாக அளந்து பாருங்கள். அது √N கணக்கை விட அதிகமாக இருந்தால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது: நட்சத்திரமே மாறுகிறது, அல்லது விண்கலம் ஆடுகிறது, அல்லது பின்னணி ஒளி. (நைனாவின் ஏரேட்டர் மூலை இதுதான்.) இந்த வருடம் குழு அதிக நேரம் இங்கேதான் நின்றது.

– சுற்றுக்காலத்தை 0.94 நாள் என்று சுருக்கிப் போட்டு, எல்லாச் சுற்றுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி படத்தை மடித்தேன். பள்ளம் குழம்பிப்போய் வந்தது, இரண்டு நாள் புரியவில்லை. உண்மையில் அது 0.9415 நாளுக்குச் சற்றுக் குறைவு. டெஸ் வானத்தின் ஒரு பகுதியைப் பார்க்கும் காலம்தான் ஒரு செக்டர், 27 நாள். ஒவ்வொரு சுற்றுக்கும் 0.0014 நாள் தவறு சேர்ந்து சேர்ந்து, கடைசிப் பள்ளம் ஒரு மணி நேரம் தள்ளி விழுகிறது. மொத்தப் பள்ளமே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான்!

– டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்). பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் அதில் விழும். அப்படிக் கலந்தால் பள்ளத்தின் ஆழம் குறைந்து தெரியும், கோள் சிறியது என்று ஏமாறுவோம். எஸ்.ஏ.பி. (பிக்சல்களின் ஒளியை அப்படியே கூட்டியது), பி.டி.சி.எஸ்.ஏ.பி. (கருவிக் கோளாறையும் கலந்த ஒளியையும் திருத்தியது) என்று இரண்டு நெடுவரிசை ஏன் இருக்கின்றன என்று கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

– பள்ளத்தின் ஆழத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள ஆர விகிதம். இங்கே ஆழம் 0.0095, அதற்கு வர்க்கமூலம் 0.097. நட்சத்திரம் சூரியனைப் போல 1.25 மடங்கு. வியாழன் சூரியனில் சுமார் பத்தில் ஒன்று. ஆக கோள் வியாழனைப் போல 1.2 மடங்கு. கால்குலேட்டர் இல்லாமல் பலகையில் போடப் பழகுங்கள்.

இந்த வருடம் அச்செடுத்த படம் எதுவும் கொண்டுபோகவில்லை, நோட்டை மட்டும் கொண்டுபோனேன். புராஜெக்ட் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். முதல் வாக்கியத்திலேயே ஆழத்தையும் அதன் பிழையையும் சேர்த்துச் சொன்னேன். ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. நடுவில் குவாண்டம் கேள்வி ஒன்றில் தடுமாறினேன், அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் நான் செய்தது:

இரவு மட்டும் படித்தேன், பகலில் தூக்கம்.
புதிதாக ஒரு பாடமும் தொடவில்லை.
எக்ஸ் கதிர் பக்கம் கேட்டால் என்ன செய்வது என்று ஆஸ்ட்ரோசாட்டின் ஐந்து கருவிகளும் எந்த அலைநீளத்தில் வேலை செய்கின்றன என்பதை மட்டும் பார்த்தேன்.
காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும்போது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள டெஸ் லென்ஸ் எதற்கு என்று யோசித்து விடை எழுதினேன். (காற்றுமண்டலமும் பகலும் குறுக்கே வராமல் 27 நாள் கிட்டத்தட்ட விடாமல் பார்க்க முடியும், அதுதான் விஷயம்.) இதைக் கேட்கவே இல்லை, ஆனால் தெரிந்திருந்தது தைரியம் கொடுத்தது.

நண்பர்கள் பலர் நான்கைந்து விண்கலங்களின் தரவை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். ஜேம்ஸ் வெப், கையா, சந்திரயான்-2 என்று ரெஸ்யூமே நிறைந்திருக்கும். தயவுசெய்து வேண்டாம். எதைத் தொட்டிருந்தாலும் அதன் ஒரு எண்ணைச் சுட்டிக்காட்டிப் பிழை கேட்பார்கள்.

லேப்டாப் இல்லையே என்று நினைப்பவர்களுக்கு: ஒரு நட்சத்திரத்தின் ஒரு செக்டர் லைட் கர்வ் கோப்பு சில எம்.பி. தான், விண்தொலைநோக்கித் தரவுகளை இணையத்தில் வைத்திருக்கும் மாஸ்ட் காப்பகத்தில் இலவசமாக எடுக்கலாம். பிரவுசரிலேயே பைதான் ஓடும் கூகுள் கோலாபில் ஓட்டினால் போன் போதும். என் லேப்டாப் பழுதான இரண்டு வாரம் நான் அப்படித்தான் செய்தேன். பிக்சல் கோப்பு பெரியது, அதை மட்டும் வைஃபை கிடைக்கும்போது இறக்குங்கள். முதல் நாள் படம் வரையாதீர்கள். கோப்பைத் திறந்து முதல் பத்து வரி எண்களை நோட்டில் எழுதுங்கள், பக்கத்து நெடுவரிசையில் இருக்கும் பிழையையும் சேர்த்து.