இருபத்துநாலு கதவும் மூணு கிராம் சாக்லேட்டும்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, ஆனால் டிசம்பரில் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் "இன்னிக்கு எங்க வீட்டுக் கதவுல என்ன வந்துச்சு தெரியுமா" என்று பேசிக்கொள்ளும்போது நம் பிள்ளை மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கும்? அதனால் அட்வென்ட் காலண்டர் எங்கள் வீட்டிலும் நுழைந்துவிட்டது. பெரிய அட்டை, அதில் 24 குட்டிக் கதவுகள், டிசம்பர் 1 முதல் தினம் ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒரு சாக்லேட். இங்கே கிறிஸ்துமஸ் பரிசு பிரிப்பது 24ஆம் தேதி மாலை என்பதால் கதவுகளும் அதோடு சரி.

முதல் வருடம் விவரம் புரியாமல் ஒன்றே ஒன்று வாங்கினோம். ஒற்றைப்படைத் தேதி அக்காவுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நியாயமாகப் பிரித்துக் கொடுத்தார். 24 இரட்டைப்படை, அந்தக் கதவுதான் இருப்பதிலேயே பெரிசு என்பது மூன்றாம் தேதியே மகளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் அந்த மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடம் ஆளுக்கொன்று. அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன்: நிகர எடை 75 கிராம். 24ஆல் வகுத்தால் ஒரு கதவுக்கு மூணு கிராம் சொச்சம்! அதுவும் நாக்கில் வைத்தால் முதலில் சர்க்கரை, அடுத்து அட்டை வாசனை, சாக்லேட் வருவதற்குள் கரைந்து போயிருக்கும். இங்கே பொருள்களைச் சோதித்துச் சொல்லும் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் 2012இல் 24 சாக்லேட் காலண்டர்களைப் பரிசோதித்தபோது எல்லாவற்றிலுமே கனிம எண்ணெயின் எச்சம் இருந்ததாம், மறுசுழற்சி செய்த அட்டையிலிருந்து அது சாக்லேட்டுக்குள் இறங்கக்கூடும். பழைய சோதனைதான், ஆனாலும் படித்த பிறகு மனசு கேட்கவில்லை.

சரி, வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கினேன். முதல் தடவை சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றி அப்படியே ஆறவிட்டேன். நாலாம் நாள் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைக் கோடுகள். கெட்டுப்போகவில்லை, கொக்கோ வெண்ணெய் ஒழுங்காக உறையாமல் மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பார்த்தால் யாருக்கும் எடுக்கத் தோன்றாது. அதற்குத்தான் டெம்பரிங். டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரிவரை உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, மீதியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, 31, 32க்கு வரும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பால் சாக்லேட்டுக்கு 30 போதும். கத்தி நுனியில் கொஞ்சம் தொட்டு வைத்துப் பாருங்கள், சில நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் ஊற்றலாம். தெர்மாமீட்டர் இல்லாமல் கைப்பக்குவத்தில் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நான் நினைத்தேன்.

ஒன்று பத்து கிராம் வீதம் இரண்டு பிள்ளைகளுக்கு 48, ஏறக்குறைய அரைக்கிலோ. உள்ளே வைப்பது ஈரமில்லாததாக இருக்க வேண்டும், ஏனென்றால் கடைசித் துண்டு மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்கப் போகிறது, கிரீம் எல்லாம் தாங்காது. ஊரிலிருந்து வந்த பார்சலில் இஞ்சி மரப்பா இருந்தது, அதைப் பொடியாக நறுக்கி டார்க் சாக்லேட்டில் போட்டேன். அந்தக் காரமும் கசப்பும் சேர்ந்தது இருக்கிறதே, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே மனசில்லை. அவர்களுக்குக் கடலைமிட்டாயை உடைத்துப் போட்டது.

எல்லாவற்றையும் துணிப்பைகளில் போட்டு, நம்பர் ஒட்டி, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மகள் முதல் நாள் பையை அவிழ்த்து, தின்று, கயிற்றை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா திறக்கறதுக்குக் கதவே இல்லையே?"

அவள் கேட்டதில் தப்பில்லை. இந்த வழக்கத்துக்குச் சாக்லேட்டே பிந்தி வந்து சேர்ந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வீட்டுக் கதவில் சாக்பீஸால் 24 கோடு போட்டுத் தினம் ஒன்றை அழித்திருக்கிறார்கள். இங்கிருந்து பக்கத்திலிருக்கும் மவுல்பிரோன்னில் வளர்ந்த கெர்ஹார்ட் லாங்குக்கு அவர் அம்மா அட்டையில் 24 பிஸ்கட் தைத்துக் கொடுப்பாராம், அந்த நினைப்பில்தான் 1900களின் தொடக்கத்தில் மியூனிக்கில் அவர் காலண்டர் அச்சடித்தார் என்று சொல்வார்கள். போருக்குப் பிறகு, 1946இல், எங்கள் ஊர்க்காரர் ரிச்சர்ட் செல்மர் போட்டதும் வெறும் படக் காலண்டர்தான்.

அதனால் இந்த வருடம் சாக்லேட் இல்லாத படக் காலண்டர் ஒன்று வாங்கி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கதவைத் திறந்தால் வெளிச்சம் படத்தின் வழியாக உள்ளே வரும், சாக்லேட் பக்கத்தில் பிஸ்கட் டின்னில். ஒரே காலண்டர் என்பதால் 24ஆம் கதவு யாருக்கு என்ற பஞ்சாயத்து மறுபடி ஆரம்பித்துவிட்டது. சீட்டுக் குலுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். மகளோ, இந்தத் தடவை இரட்டைப்படை தனக்கு என்று காலண்டர் மூலையில் இப்போதே பேனாவால் எழுதி வைத்துவிட்டாள்.