ரெண்டு ஊத்துக்குளி

கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் ஹெர்பேரியத்துல ரெண்டு வருசம் ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்டா இருந்தேன். செடிய காய வச்சு அட்டைல ஒட்டி வச்சிருப்பாங்கல்ல, அந்த ஷீட்டுகள ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணணும், லேபிள்ல இருக்கறத டைப் பண்ணணும், அப்புறம் அது எந்த ஊர்ல எடுத்த செடின்னு கண்டுபுடிச்சு மேப்புல புள்ளி வைக்கணும், இதுதான் வேலை. சேரும்போது ஸ்கேன் பண்றதுதான் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன், அது ஒரே மாசத்துல கைக்கு வந்துருச்சு. அந்தப் புள்ளி வைக்கறதுதான் கடைசி நாள் வரைக்கும் என்னைய தூங்க விடல.

ஹெர்பேரியம்னா எங்கூருக்குப் புதுசு இல்ல. லாலி ரோட்டுல அக்ரி யுனிவர்சிட்டிக்குள்ளயே மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்குது, பேருதான் மெட்ராஸ், 1909ல பார்பர்ங்கற கவர்ன்மென்ட் பொட்டானிஸ்ட் காலத்துல கோயமுத்தூருக்கு வந்தது இங்கயேதான் இருக்குது, இன்னைக்கு அது சென்ட்ரல் கவர்ன்மென்ட்டோட பொட்டானிக்கல் சர்வே கையில. எங்க காலேஜ்ல இருந்தது அதுக்குப் பக்கத்துல வைக்கவே முடியாத சின்ன கலெக்ஷன், நாலு மர பீரோ, அதுல பாதி எங்க வாத்தியாருங்க கொண்டு வந்தது, மீதி எப்பவோ யாரோ குடுத்துட்டுப் போன பழைய ஷீட்டு.

பழைய ஷீட்டுல பூச்சி அரிக்காம இருக்க பாதரச விஷம் தடவியிருப்பாங்க, அதனால க்ளவுஸும் மாஸ்க்கும் இல்லாம தொடக்கூடாது. 42க்கு 28 சென்டிமீட்டர் அட்டை, ஓரத்துல கலர் ஸ்ட்ரிப்பும் ஸ்கேலும் வைக்கணும், பார்கோடு ஒட்டணும், 600 டிபிஐல எடுத்தா ஒரு படமே 200 எம்பி கிட்ட வரும். அட்டை மூலைல சின்ன காகிதப் பொட்டலம் ஒண்ணு இருக்கும், உதிர்ந்த விதை, பூ எல்லாம் அதுக்குள்ள. ஒரு தடவ ஒரு பொட்டலத்த பிரிச்சப்ப உள்ள நாலே நாலு விதை, நூறு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தரு உதிர்ந்ததக் கூட விடாம பொறுக்கி மடிச்சு வச்சிருக்காரேன்னு கொஞ்ச நேரம் அப்படியே கையில வச்சுட்டு உக்காந்திருந்தேன். லேபிள் மேல லேபிளும் இருக்கும். வெள்வேல் மரத்துக்கு மொதல்ல அகேசியான்னு எழுதியிருப்பாங்க, இப்ப அது வச்செல்லியா, ஆனா பழைய சீட்டக் கிழிக்க மாட்டாங்க, புதுப் பேர எழுதி யாரு எப்ப மாத்துனாங்கன்னு பக்கத்துல இன்னொரு சீட்டு ஒட்டுவாங்க. அந்த ஒழுங்கு எனக்கு ரொம்ப புடிச்சுது.

இப்ப என் தப்பச் சொல்றேன். மொத ஆறு மாசம் அவசரம், மாசத்துக்கு இத்தன ஷீட்டு முடிக்கணும்னு கணக்கு. நெறைய லேபிள்ல ஊரு பேரே இருக்காது, வெறும் ‘கோயம்புத்தூர் ஜில்லா’ன்னு மட்டும் இருக்கும். சாஃப்ட்வேர்ல அத அடிச்சா அதுவா ஊருக்கு நடுவுல ஒரு புள்ளி வைக்கும், நானும் சரின்னு சேவ் பண்ணிட்டே போயிட்டேன். ஒரு நாள் மொத்த மேப்பையும் திறந்து பாத்த எங்க சாரு, டவுன்ஹால் பக்கத்துல எலியோகார்ப்பஸ் எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டாரு. அது நம்ம உத்ராச்ச மரத்தோட இனம், சோலைக்காட்டு மரம், ஆனமலை மேல குளுருல நிக்கற மரத்த நான் 400 மீட்டர்ல டவுன் வெயில்ல நட்டு வச்சிருக்கேன். திட்டக்கூட இல்ல அவரு. இந்தப் புள்ளிய நம்பி நாளைக்கு ஒருத்தரு, இந்த மரம் எவ்வளவு சூடு தாங்கும், இன்னும் அம்பது வருசத்துல எங்க மிஞ்சும்னு கணக்குப் போடுவாரு, அந்தக் கணக்கு பூராத்தையும் நீ இப்பவே கெடுத்துட்டன்னு மட்டும் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு.

ஒவ்வொரு புள்ளிக்கும் இது எத்தன கிலோமீட்டர் முன்ன பின்ன இருக்கலாம்னு எழுதறதுக்குன்னே ஒரு கட்டம் இருக்குது, அத நான் காலியா விட்டிருந்தேன். ஜில்லா மட்டும் தெரிஞ்சா அந்த ஜில்லா அளவுக்கு அதுல போடணும். அதுலயும் எந்த ஜில்லா? அன்னைக்கு கோயமுத்தூர் ஜில்லான்னா ஈரோடு, திருப்பூரு எல்லாம் உள்ள. ஈரோடு பக்கம் பிரிஞ்சதே 1979ல, திருப்பூரு 2009ல, கொள்ளேகால் தாலுகா 1956 வரைக்கும் நம்மளோட இருந்துட்டு அப்புறம் மைசூரு பக்கம் போயிருச்சு. 1920ல எழுதுன லேபிள இன்னைக்கு மேப்புல தேடுனா எப்படிக் கெடைக்கும். ஆறு மாச வேலைய மொதல்ல இருந்து திரும்ப பண்ணேன், யாரும் பண்ணச் சொல்லல.

அப்படி திரும்ப பாக்கும்போதுதான் அந்த ஊத்துக்குளி ஷீட்டு வந்துச்சு. ஒரு கோரை, சைபெரஸ் இனம், கொளத்தோரம்னு ஒரு வரி, 1911, ஊரு ஊத்துக்குளி, அவ்வளவுதான். நான் காங்கயத்துக்காரி, எனக்கு ஊத்துக்குளின்னா திருப்பூருக்குக் கெழக்கால இருக்கற வெண்ணெ ஊத்துக்குளிதான், கண்ண மூடிட்டு அங்க புள்ளி வைக்கப் போனேன். பீரோவத் தொடச்சுட்டிருந்த அட்டெண்டர் அண்ணா, பொள்ளாச்சிக்காரரு, ஸ்க்ரீன எட்டிப் பாத்துட்டு, “ஏனுங் அம்மிணி, எங்கூர்ப் பக்கம் ஜமீன் ஊத்துக்குளின்னு ஒண்ணு இருக்குதுங்களே, அதுவா இருந்தா?”ன்னு கேட்டாரு.

கை அப்படியே நின்னுருச்சு. கோரை ரெண்டு ஊருலயும் வளரும், செடிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அப்புறம் அந்தக் கோரைய எடுத்தவரு எடுத்த மத்த ஷீட்டெல்லாம் தேடி, அவரு போட்ட நம்பர் வரிசைல அடுக்குனேன். இதுக்கு முந்துன நம்பரு பொள்ளாச்சி, அதே தேதி. அடுத்த நம்பரு ஆனமலை, மறுநாள். பொள்ளாச்சிக்கும் வெண்ணெ ஊத்துக்குளிக்கும் எழுவது எம்பது கிலோமீட்டர் இருக்கும், போத்தனூர்ல இருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்ததே 1915லதான், மாட்டு வண்டில ஒரு நாள்ல போயிட்டு மறுநாள் ஆனமலைல எப்படி நிப்பாரு? ஜமீன் ஊத்துக்குளியேதான். புள்ளிய அங்க வச்சு, எதனால அங்க வச்சேன்னு குறிப்பும் எழுதுனேன். அண்ணா பேரையும் அந்தக் குறிப்புல சேக்கணும்னு கேட்டு சேத்தேன், அவரு பத்தாவது முடிக்காதவரு, ஆனா அந்த ஷீட்ட சரியாப் படிச்சது அவருதான்.

இப்ப இந்தியன் வெர்ச்சுவல் ஹெர்பேரியம்னு பொட்டானிக்கல் சர்வேயே படம் படமாப் போடறாங்க, உலகம் பூரா இருந்து ஜிபிஐஎஃப்ங்கற பொது டேட்டாபேஸ்ல சேந்த உயிரின ரெக்கார்டு நூறு கோடியத் தாண்டி எப்பவோ போயிருச்சு. எந்தச் செடி எந்த மாசம் பூத்துச்சு, எந்தக் களை எப்ப எந்த வழியா வந்துச்சுன்னு எல்லாம் வீட்டுல உக்காந்தே பாக்கலாம், பெரிய விசயம்தான், லண்டன்ல இருக்கற கியூ ஹெர்பேரியத்துக்கு ஃப்ளைட் ஏற முடியாத என்ன மாதிரி ஆளுகளுக்கு ரொம்பவே பெருசு. ஆனா அந்த ஸ்கேனுக்குள்ள ஊத்துக்குளி ஒண்ணா ரெண்டான்னு இல்ல. அது ஊர்க்காரங்க வாயில இருக்குது. ‘பொலாம்பட்டி’ன்னு எழுதி வச்சா அது நம்ம போளுவாம்பட்டின்னு அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு நொடி போதும், அயலூர்ல உக்காந்து தேடறவங்க பாவம் ஒரு நாள் பூரா தேடுவாங்க. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது கம்ப்யூட்டர் மட்டும் கேக்காதீங்க, தாலுகாவுக்கு ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்கன்னு நான் எல்லா மீட்டிங்லயும் சொல்லிட்டே இருந்தேன்.

இன்னொண்ணும் மனச உறுத்துச்சு. நான் வச்ச புள்ளியெல்லாம் சேத்துப் பாத்தா ஆனமலை, சிறுவாணி, சத்தி மலைன்னு குமிஞ்சு கெடக்குது, அதுவும் ரோட்டோரமா, ஃபாரஸ்ட் பங்களாவச் சுத்தி. காங்கயம், வெள்ளகோயில், தாராபுரம் பக்கம் வெறும் வெள்ளை. எங்க கொறங்காடு அங்கதான இருக்குது! முள்ளுக்கிளுவ வேலி, உள்ள கொழுக்கட்டப் புல்லு, நடுவால அங்கங்க வெள்வேல், எங்க மாடு மேஞ்சு வளந்ததே அதுலதான். மேப்ப மட்டும் பாக்கறவங்க அங்க ஒண்ணுமே இல்லன்னுதான நெனப்பாங்க.

கள்ளிமுளையான் ஷீட்டு எங்க பீரோவுல ஒண்ணுதான் இருந்துச்சு, ஊரு பேரு இல்லாம. சதைப்பத்துச் செடிய அமுக்கிக் காய வைக்கறது சள்ளை புடிச்ச வேலை, மாசக்கணக்குல காயாது, அழுகும், அட்டைக்குள்ளயே துளிர் கூட விடும், அதனாலயே பாதி பேரு எடுக்காம விட்டுருவாங்க. அந்த ஐப்பசி மழை முடிஞ்சு ஊருக்குப் போனப்ப போன்ல அந்தப் படத்த எங்க அப்பாருகிட்ட காட்டுனேன். தட்டையா பழுப்பு நெறத்துல நசுங்கிக் கெடக்குது, பெருசு பண்ணிப் பாத்துட்டு, “இதேன் கண்ணு, கள்ளிமுளையானாட்ட இருக்குது? ஆடு மேய்க்கறப்ப உப்பு தொட்டுத் தின்னது”ன்னு சொல்லி, கைத்தடிய எடுத்துட்டு முன்னால நடந்தாரு. வேலிக்கு அடில முள்ளுக்குள்ள விரல் மொத்தத்துல நாலு பட்டையா நிமிந்து நின்னுச்சு, நுனில ஊதாவுல சின்னச் சின்ன பூவு. பாதிய அப்படியே விட்டுட்டு நாலு தண்டு மட்டும் எடுத்தேன்.

வீட்டுல கொதிக்கற தண்ணில முக்கி எடுத்து, அது சாகட்டும்னுதான், அப்புறம் பேப்பருக்குள்ள வச்சு அம்மிக்கல்லத் தூக்கி மேல வச்சேன், தெனமும் பேப்பர் மாத்துனேன். காஞ்சதும் லேபிள் எழுதறப்ப அப்பாருகிட்ட அந்தக் காட்டுக்குப் பேரு என்னன்னு கேட்டேன். கெணத்துமேட்டுக் கொறங்காடுன்னாரு. ஜிபிஎஸ் நம்பருக்குக் கீழ அதத் தமிழ்லயே எழுதி, கிராமம், தாலுகா, ஜில்லான்னு வரிசையாப் போட்டு, ஊருக்கு எந்தத் திசைல எத்தன தூரம்னும் போட்டேன். காட்டுனவருன்னு ஒரு வரி தனியா விட்டு, அதுல அப்பாரு பேர எழுதுனேன்.